மாலாவிலிருந்து இறங்கும் கட்டு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தாச்சா? பாளையங்கோட்டைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். முதல் நாளே வந்துவிடுவேன்.

தாராவி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். குடிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதற்காக வீடு வீடாகக் கணக்கெடுத்து நம்பர் போட்டிருக்கிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், செல்வி! விடியற்காலையில் நாம் டப்பாவோடு நின்ற வரிசையை நினைத்தால், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் வேலையை எங்கே கொண்டுபோய் வைப்பது? போன வாரம் உன் அப்பாவின் பட்டறை இருந்த சந்துக்கு அளக்கிற டேப்போடு போனேன். அதே மாதிரி பை தைக்கிற ஒரு கோலி, ஒற்றை அறைதான். கீழே 10-க்கு 15 அடி, நான்கு மெஷின். மேலே மாலாவில், அந்தப் பலகைப் பரணில், தோல் வெட்டுகிறார்கள், இரவில் அங்கேயே படுக்கிறார்கள். மாலா பலகையில் ஒரு சதுர ஓட்டை. மேலிருந்து ஒருவர் குரல் கொடுத்ததும் வெட்டிய தோல்கட்டு கயிற்றில் இறங்குகிறது. மெஷின்காரர் தலை நிமிராமல் ஒரு கையால் பிடித்து அவிழ்க்கிறார். உன் அப்பா பிடிப்பாரே, அப்படியே. அந்த ஓட்டை எந்த வரைபடத்திலும் இல்லை.

குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவும் அப்படித்தான். தெருப்பக்கம் விற்பனை, நடுவில் குடும்பம், பின்னால் பல வீட்டுக்கும் பொதுவான சூளை. இருபதாவது மாடியில் சூளை வைக்க முடியுமா? அதற்காக எல்லாமே இப்படியே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. பஞ்சுக் கழிவு எரியும் அந்தப் புகையில் குழந்தைகள் இருமுவதையும் பார்த்தேன். சூளைக்கு கேஸ் வர வேண்டும். பழைய சாமான்களைப் பிரித்து மறுசுழற்சி செய்கிற 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் உருக்குவதை வீட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது. அதற்குத் தனி இடம், ஆனால் நடந்து போகிற தூரத்தில்.

சிங்கப்பூரில் 1960-களின் நடுவிலேயே டாங்ளின் ஹால்ட் என்ற பகுதியில் அரசு அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடித் தொழிற்கூடம் கட்டினார்கள். பெண்கள் சமைத்து வைத்துவிட்டு நடந்தே வேலைக்குப் போக முடிந்தது. அறுபது வருஷத்துக்கு முன்பே செய்தது நமக்கு முடியாதா?

நான் ராத்திரியில் உட்கார்ந்து ஒரு பிளாக் வரைந்துகொண்டிருக்கிறேன். கீழ் இரண்டு தளமும் பட்டறை, 14 அடி உயரம், மூன்று பேஸ் கரண்ட், மெஷின் பாரம் தாங்கும் தளம். தைக்கிற சத்தம் மேலே போகாமல் நடுவில் கனமான ஸ்லாப். சரக்குக்குத் தனி லிஃப்ட். அதற்கு மேல் ஐந்து மாடி வீடு, நடுவில் திறந்த முற்றம், அப்பளம் காயவைக்க மொட்டை மாடி. மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் அப்பளம் பரப்புவார்களே, அந்தக் கூடைகளுக்கும் இடம் அளந்து விட்டிருக்கிறேன்.

எனக்குப் பயமெல்லாம் கட்டிய பிறகு வருவதைப் பற்றித்தான். வீட்டை மட்டும் இலவசமாகக் கொடுத்து, பட்டறை வாடகையை சந்தைக்கு விட்டால், பத்து வருஷத்தில் கீழே காபிக்கடையும் ஜிம்மும்தான் இருக்கும். பட்டறை என்றைக்கும் பட்டறையாகவே இருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். ஆபீஸில் சொன்னேன். "முதலில் கார் பார்க்கிங் கணக்கை முடி" என்றார்கள். விடப்போவதில்லை, திரும்பவும் சொல்வேன்.

அப்புறம், ஒரு உதவி. ஒரு ஆர்டருக்கு எத்தனை தோல்கட்டு வரும், ஒரு கட்டு எத்தனை கிலோ இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டு எழுது. லிஃப்ட் அளவை அதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வரைபடத்தின் நகலைக் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். உன் அப்பா பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும்.

அன்புடன்,
மல்லிகா