வெள்ளிக்கிழமைக்கு முன்னால், தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய, பிரிட்டனில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கான ஆஃபர் லெட்டர், கன்சல்டன்சியில் எழுதித் தந்த செலவுக் கணக்கு, வங்கியின் அனுமதிக் கடிதம் மூன்றையும் நேற்று ராத்திரி இரண்டு முறை படித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் 4,000 பவுண்டு டெபாசிட் கட்டணும், அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா என்று கேட்டிருந்தாய். சித்தப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் உன்னிடம் பேச வேண்டியது இருக்கிறது. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இதே பேச்சு இந்த மாதம் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன், உன் பெயரையும் காலேஜ் பெயரையும் விட்டுவிட்டு.

போகாதே என்று சொல்ல வரவில்லை. நானே அமெரிக்கா போய்ப் படித்தவள்தான். அங்கே ஆய்வகத்தில் கழித்த இரண்டு வருடத்தை இன்றைக்கும் யாராவது திருப்பிக் கேட்டால் தரமாட்டேன். என் பயமெல்லாம் நீ வாங்கப்போகும் 40 லட்சம் ரூபாய் கடனைப் பற்றியும், அதற்கு ஈடாகப் போகப்போகிற ஆச்சி வீட்டைப் பற்றியும்தான்.

உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். படிப்புக் கட்டணம் 22,000 பவுண்டு. லண்டனுக்கு வெளியே தங்குவதற்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு விசா அலுவலகத்தில் காட்டவேண்டும், அது 10,539. மருத்துவ சர்சார்ஜ் வருடத்துக்கு 776 பவுண்டு, ஓராண்டுப் படிப்புக்குத் தரும் விசா பதினாறு மாதம் வரை நீள்வதால் ஒன்றரை வருடத்துக்கு வாங்குவார்கள், 1,164. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தாலே இது மட்டும் 40 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. விசாக் கட்டணமும் டிக்கெட்டும் இதில் இல்லை. ஒரே வருடத்தில் முடிவதால் செலவு பாதி என்று சொன்னார்கள் என்றாய். காலம்தான் பாதி.

இதற்கு மேல்தான் வட்டி. அனுமதிக் கடிதத்தில் 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது, படிப்பு ஒரு வருடம், அப்புறம் ஆறு மாதம் அவகாசம். அவகாசம் என்றால் அந்தப் பதினெட்டு மாதமும் வட்டி ஏறாது என்று சித்தப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், நேற்று பேசும்போதுதான் தெரிந்தது. தவணைதான் நிற்கும், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முழுத்தொகையும் முதலிலேயே எடுப்பதாக வைத்தால் மாதம் 33,000 ரூபாய்க்கு மேல். ஒன்றரை வருடத்தில் ஆறு லட்சம் சேர்ந்து கடன் 46 லட்சமாகும், அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 60,800. பதினைந்து வருடம் என்றால் தவணை 49,000-க்குக் கொஞ்சம் மேல், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 89 லட்சத்தைத் தொடும். இப்போது ஒரகடத்து வேலையில் மாதம் உன் கைக்கு வருவது 28,000.

அங்கே வேலை கிடைத்துவிட்டால் இதெல்லாம் பெரிய விஷயமில்லை, தெரியும். நான் கட்டியதும் அப்படித்தான். ஆனால் எப்படிக் கட்டினேன் என்று உங்கள் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

நான் போனது 2014 ஆகஸ்ட்டில். டாலர் 61 ரூபாய். வங்கி கடனை அனுமதித்தது ரூபாயில், காலேஜ் கேட்டது டாலரில். அடுத்த வருடம் கட்டணம் கட்டும்போது டாலர் 65-ஐத் தாண்டிவிட்டது, கட்டணத்தையும் கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள், அனுமதித்த தொகை போதவில்லை. அம்மா பன்னிரண்டு பவுன் நகையை அடகு வைத்து அனுப்பினாள். என்னிடம் சொல்லவில்லை, வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அம்மாவின் கழுத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

2016-ல் படிப்பு முடிந்தது. படித்து முடித்தவர்களுக்கு ஓபிடி என்று ஒரு வருடம் வேலை அனுமதி, அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்றால் மேலும் இரண்டு வருடம். ஆனால் முதல் வருடத்தில் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். நான் சமையலறைச் சுவரில் காலண்டரை மாட்டி நாளை அடித்துக்கொண்டே வந்தேன். எனக்கு வேலை கிடைத்தது 81-வது நாள். நான் வகுப்பில் மோசமான மாணவி இல்லை, உனக்குத் தெரியும். 91-வது நாளாக அது ஆகியிருந்தால் நம் வீடு என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் தூக்கம் போய்விடும். அதற்கப்புறம் 2017, 2018, 2019 என்று மூன்று வருடமும், அங்கே தொடர்ந்து வேலை செய்யத் தேவையான எச்1பி விசாவுக்கான குலுக்கலில் என் பெயர் போனது, மூன்று முறையும் விழவில்லை. வருடத்துக்கு 85,000 பேர்தான், அதில் 20,000 இடம் அங்கே மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு. திரும்பி வந்தபோது கடனில் ஆறு லட்சம் பாக்கி, சென்னைச் சம்பளத்தில் இரண்டு வருடம் கட்டி 2021-ல் முடித்தேன். மூன்று வருடம் டாலரில் சம்பளம் வந்ததால்தான் அந்த ஆறு லட்சத்தோடு நின்றது. "அக்கா கட்டலையா, நானும் கட்டிருவேன்" என்று நீ சித்தியிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உனக்கு அந்த மூன்று வருடமும் கிடையாது. பிரிட்டனில் படித்த பிறகு தங்க இரண்டு வருடம் தந்துகொண்டிருந்தார்கள், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது பதினெட்டு மாதம். நீ இந்த செப்டம்பரில் சேர்ந்தால் முடிப்பதே 2027 செப்டம்பர், ஆகவே பதினெட்டு மாதம்தான். அதற்குள் வேலை விசா தரும் நிறுவனம் கிடைக்கவேண்டும். பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் வேலையாக இருக்கவேண்டும், சம்பளம் பொதுவாக வருடம் 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருபவர் என்ற சலுகையில் 33,400. அந்தந்த வேலைக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு, எது அதிகமோ அதுதான். இந்த எண்களில் ஒன்றாவது அந்தக் கன்சல்டன்சி தந்த தாளில் இருக்கிறதா பார். இல்லை. "பகுதிநேர வேலையிலேயே சமாளிக்கலாம்" என்று மட்டும் இருக்கிறது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், குறைந்தபட்சக் கூலி இந்த ஏப்ரலிலிருந்து மணிக்கு 12.71 பவுண்டு, வாராவாரம் முழு 20 மணி நேரமும் கிடைத்தாலும் மாதம் சுமார் 1,100. அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும். கட்டணத்தில் ஒரு பவுண்டைக்கூட அதிலிருந்து எடுக்கமுடியாது.

இன்னொன்று. உனக்கு அட்மிஷன் வாங்கித் தருவது இலவசம் என்றார்களே, பிள்ளை சேர்ந்தால் அந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் தரும். அது தப்பில்லை, தொழில். ஆனால் மெக்கானிக்கல் படித்து இரண்டு வருடம் ஷாப் ஃப்ளோரில் நிற்கும் உன்னை டேட்டா சயின்ஸுக்கு அனுப்பலாம் என்ற யோசனை உன்னுடையதா அவர்களுடையதா? ஒன்பதாவது படிக்கும்போது ஆச்சியின் கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்து, சாயங்காலத்துக்குள் ஓட வைத்தவன் நீ. இயந்திரத்தின் மேல் உனக்கு அலுப்பு வந்துவிட்டது என்றால் சொல், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித் தெரியவில்லை.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பாய். நான் கணக்கைத் தலைகீழாகப் போடுவேன். எல்லாம் தப்பாகப் போய் நீ திரும்பி வருகிறாய், சென்னையிலோ ஓசூரிலோ 50,000 சம்பளத்தில் சேர்கிறாய் என்று வைத்துக்கொள். அதிலிருந்து மாதம் எவ்வளவு கட்டமுடியும்? வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது போக 20,000 என்று வைப்போம். 20,000 தவணைக்குப் பத்து வருடத்தில் 15 லட்சம் கடன்தான் அடையும். படிக்கும் காலத்து வட்டியைக் கழித்தால் நீ வாங்கக்கூடிய கடன் 12, 12½ லட்சம். சித்தப்பாவுக்கு ஓய்வு மூன்று வருடத்தில், அவர் சம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே. வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். பழைய வரி முறையில் இருந்தால்தான் அது, அதுவும் வட்டிக்கு மட்டும், எட்டு வருடம் வரைதான்.

அந்தப் பன்னிரண்டரை லட்சத்துக்குள் எங்கே போகலாம் என்று தேடு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். பாடன் வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம் மாதிரி வெளிநாட்டவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது, அவற்றைத் தள்ளிவை. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) 11,904 யூரோ போடவேண்டும். யூரோ 105 என்றால் பன்னிரண்டரை லட்சம்தான், மாதம் 992 வீதம் உன் சாப்பாட்டுக்கே திரும்பி வரும் பணம் அது. முடித்த பிறகு வேலை தேடப் பதினெட்டு மாதம். இரண்டாம் வருடச் செலவுக்கு நீ அங்கே சம்பாதிக்கவேண்டும், வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், மெக்கானிக்கல் பிள்ளைகளை ஆலைகளில் வெர்க்ஸ்டூடன்டாக, அதாவது படித்துக்கொண்டே வேலை செய்யும் மாணவராக, எடுக்கிறார்கள்.

சுலபம் என்று சொல்லமாட்டேன். நம் படிப்புச் சான்றிதழ்களை ஜெர்மனி தரப்பில் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாயும் பொறுமையும் வேண்டும். உன் பிஇ பாடங்கள் அவர்கள் கேட்கும் கிரெடிட்டோடு பொருந்தவேண்டும். ஜெர்மன் மொழி பி1, பி2 என்ற நடுத்தர நிலை வரை வராமல் அங்கே ஆலையில் வேலை தேடுவது கஷ்டம், படிப்பை இரண்டே வருடத்தில் முடிக்காமல் இரண்டரை, மூன்று வருடம் இழுப்பவர்களும் நிறைய. ஆகவே இந்த வருடம் போக முடியாது. ஒரு வருடம் வேலையில் இருந்துகொண்டே மொழியைப் படித்து, சேர்த்தது சேர்ந்ததாக வைத்துக்கொண்டு 2027-ல் போ. கூடவே எம்டெக்குக்கான கேட் (GATE) தேர்வும் எழுதிப் பார், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், ஐஐடியிலோ திருச்சி என்ஐடியிலோ எம்டெக் கிடைத்தால் மாதம் 12,400 அவர்களே தருவார்கள்.

பசங்க எல்லாம் இந்த வருஷம் போயிருவாங்க, நான் மட்டும் இங்கேயே நிப்பேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நானும் திரும்பி வந்த புதிதில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், ஒவ்வொருத்தரும் வீடு வாங்கிய படம் போடும்போது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பிரிட்டன்தான் வேண்டும் என்று இன்னும் தோன்றினால், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இரண்டே வேலை செய். அதே காலேஜில் அதே படிப்பை 2024-ல் முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேரை லிங்க்ட்இன்னில் தேடி, இப்போது எங்கே, என்ன வேலை, என்ன விசா என்று கேள், கன்சல்டன்சி காட்டும் இரண்டு பேரை அதில் சேர்க்காதே. வேலை விசா தர உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசே வெளியிடுகிறது, நீ சேர நினைக்கும் நிறுவனங்கள் அதில் இருக்கின்றனவா பார்.

அப்புறம் சித்தி. வீட்டின் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா எல்லாம் வங்கி வக்கீலிடம் போய்விட்டது என்றாய். ஆச்சி அந்த வீட்டை எழுதி வைத்தது சித்தி பெயருக்கு. நேற்று அவளிடம் கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க சித்தி என்று. "எனக்கென்ன பாப்பா தெரியும், கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுக் கொடுத்தேன்" என்றாள். எவ்வளவு கடன், மாதம் எவ்வளவு கட்டவேண்டும், கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வருகிறேன். சித்தப்பா, நீ, சித்தி மூன்று பேரும் இருங்கள். கடன் 46 லட்சம், மாதத் தவணை 60,800, படித்த பிறகு அங்கே தங்கப் பதினெட்டு மாதம், இந்த மூன்று எண்களையும் சித்திக்குப் புரிகிற மாதிரி நீயே சொல்லவேண்டும். கேட்டுவிட்டு அவள் சரி என்றால் சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்
அக்கா