கல்லறைக் கல்லைக் கழுவச் சொல்லித் தந்த பெரியவருக்கு

பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள் ஐயா, அதனால் நன்றியை இங்கேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1958-இல் லோதர் கிரைசிக் தொடங்கிய ஜெர்மன் அமைதித் தொண்டு அமைப்பு மாதிரியான வழிகளில் போலந்தின் யூத இடுகாடுகளைச் சுத்தம் செய்ய வருகிற எல்லாருக்கும் உங்கள் பாடம் உதவும்.

வெறும் தண்ணீரில் நனைத்து, மென்மையான நைலான் தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடாக இறங்கிக் கறையாகும். பிளீச்சிங் கூடவே கூடாது. அதன் உப்பு மணற்கல்லுக்குள் படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். தேய்ந்த ஹீப்ரு எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் பூசாமல், கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினீர்களே, அபாரம்! புதரைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டச் சொன்னதும் சரிதான்: யூத மரபில் புதைத்த மண்ணைக் கிளறக் கூடாது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை வேலையே கிடையாது.