நான்சி கிரிஃபித்துக்குப் பக்கம் வாசித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஐரிஷ் மரபிசைக் குழுவான சீஃப்டன்ஸ் குழுவினருக்கும், நான்சியின் பாட்டுக்கு அயர்லாந்தில் இடம் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

டெக்சாஸில் பிறந்து, தானே எழுதித் தானே பாடிய நான்சி 2021 ஆகஸ்டில் மறைந்தார். அக்டோபரில் உங்கள் குழுத் தலைவரும் பைப்ஸ் வாசித்தவருமான பேடி மொலோனியும் போய்விட்டார். 1991 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் கிராண்ட் ஓப்பரா ஹவுஸில் நீங்கள் நடத்திய கச்சேரிப் பதிவான ‘ஆன் ஐரிஷ் ஈவினிங்’கில் நான்சி இரண்டு பாட்டுப் பாடினார்: தன்னுடைய ‘லிட்டில் லவ் அஃபேர்ஸ்’, உங்கள் மண்ணின் ‘ரெட் இஸ் த ரோஸ்’. அந்த ஆல்பம் 1993-இல் கிராமி வாங்கியது. எங்களுக்கு விருதைவிட அந்தக் கூட்டு வாசிப்புதான் பெரிது.

கிதாரோடு பாடுகிறவரையும், துருத்திக் காற்றில் ஒலிக்கும் ஐரிஷ் குழல் வாத்தியமான இல்லன் பைப்ஸையும் ஒரே மேடையில் சேர்ப்பது எளிதல்ல. வழக்கமான பைப்ஸின் சுருதி டி. அதன் மூன்று டிரோன்களும் (விடாமல் ஒலிக்கும் ஆதார சுருதிக் குழல்கள்) டி-யிலேயே ஒலிக்கும். டி, ஜி சுருதிகளில் பாட்டு இருந்தால் கவலையில்லை. பாடுபவரின் குரல் எஃப் கேட்டால் டிரோனை அணைக்க வேண்டும், இல்லையேல் வேறு சுருதி பைப்ஸைக் கொண்டுவர வேண்டும். கிதாருக்கு வழி சுலபம்: 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) போட்டு சி கார்டுகளைப் (சுரக்கூட்டுகளை) பிடித்தால் டி கிடைத்துவிடும். அதனால் சுருதியைப் பைப்ஸை வைத்து முடிவு செய்வதும், மற்றவர்கள் அதனோடு சேர்த்துக்கொள்வதும்தான் நடைமுறை. பைப்ஸின் நாணல் சீவாளி ஈரப்பதத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு பிடிவாதமான வாத்தியத்தைப் பாட்டுக்குப் பணிய வைத்த மொலோனிக்கு முதல் நன்றி.

கார்டிலும் ஒரு கண்ணி உண்டு. டி-யில் அமைந்த பல ஐரிஷ் மெட்டுகளில் சி நேச்சுரல் வரும், நம் கணக்கில் கைசிகி நிஷாதம். பழக்கதோஷத்தில் கிதார் ஏ7 பிடித்தால் அதிலுள்ள சி ஷார்ப் குழலோடு முட்டும். அந்த இடத்தில் சி கார்டு பிடிக்கலாம், அல்லது டி கார்டின் மூன்றாம் சுரத்தை விட்டுவிட்டு டி-யும் ஏ-யும் மட்டும் வாசிக்கலாம்.

மேட் மொல்லாயின் புல்லாங்குழலுக்கும், ஷான் கீன், மார்ட்டின் ஃபே இருவரின் ஃபிடிலுக்கும் நன்றி. குழலும் ஃபிடிலும் பாடுபவரின் மெட்டையே கூடவே வாசித்தால் சொல் மங்கிவிடும். வரி முடிந்து பாடுபவர் மூச்செடுக்கும் இடைவெளிதான் கமகத்துக்கு இடம். அதற்குக் காத்திருக்கும் பொறுமை எல்லா வித்வான்களுக்கும் வாய்ப்பதில்லை.

பெல்ஃபாஸ்டிலேயே பிறந்த டெரெக் பெல்லின் ஹார்ப்புக்கும் கெவின் கான்னெஃபின் பௌரான் என்ற ஐரிஷ் கைப்பறைக்கும் நன்றி. ஆட்டுத்தோல் பௌரான் ஈரத்தில் தொய்யும், மேடை விளக்குச் சூட்டில் இறுகிக் கீச்சிடும். தோலின் உட்புறத்தில் கையை அழுத்தி ஒலியை அடக்காவிட்டால் அதன் அடி கிதாரின் கீழ்த்தந்திகளை விழுங்கிவிடும்.

‘த பெல்ஸ் ஆஃப் டப்ளின்’ ஆல்பத்தில் ‘வெக்ஸ்ஃபோர்டு கேரல்’ பாட நான்சியை அழைத்ததற்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசியாக, அயர்லாந்து ரசிகர்களுக்கு. ஜூலி கோல்ட் எழுதிய ‘ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்’ பாட்டை நான்சி 1987-இல் வெளியிட்டபோது, வேறு குரல்களில் அது உலகமெங்கும் ஒலிப்பதற்கு முன்பே, நீங்கள் அதை உங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். மிக்க நன்றி.

இப்படிக்கு,
கிதாரோடு பாடுகிறவர்களும் அவர்களுக்குப் பக்கம் வாசிக்கிறவர்களும்