குதிரையின் இருமலும் எங்கள் புல்கட்டும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தாலே, குதிரை இருமலுக்குப் பொடி கேட்டுக் கடைக்கு வருகிறீர்கள். பொடி இருக்கிறது. ஆனால் காய்ச்சலில்லாமல், தீனியும் குறையாமல், புல் போடும்போதும் ஓட்டத் தொடங்கும்போதும் வாரக்கணக்கில் இருமும் குதிரைக்கு அது உதவாது. அந்த இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் நாங்கள் விற்கும் புல்லிலும் வைக்கோலிலும் இருக்கும் தூசிதான்.

மருத்துவர்கள் இதைக் குதிரை ஆஸ்துமா என்கிறார்கள். சரியாகக் காயாத புல்லைக் கட்டினால் உள்ளே சூடேறி, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் பெருகும். கட்டைப் பிரித்ததும் பறக்கும் தூசியில் அவற்றின் வித்துகளும் பாக்டீரியா நச்சும் இருக்கும். ஒவ்வாமை உள்ள குதிரைக்கு அதனால் மூச்சுக்குழல் வீங்கிச் சுருங்கும், சளி அடைக்கும். கடுமையான வகை பெரும்பாலும் 7 வயதைத் தாண்டிய குதிரைகளுக்கு வருகிறது. ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். நிற்கும்போதே அதைவிட வேகமாக, மூக்கை விரித்து, வயிற்றை எக்கி மூச்சைத் தள்ளினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். இது அடியோடு குணமாகும் நோயல்ல, அடக்கி வைக்கலாம். லாயத்தில் தூசி அப்படியே இருந்தால் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தும் நிலையான பயனில்லை.

முடிந்தவரை குதிரையை வெளியே மேயவிடுங்கள். உள்ளே கட்டினால், புல்லை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து வடித்துத் தரையில் போடுங்கள். தலை உயரத்தில் வலையில் கட்டினால் தூசி நேராக மூக்குக்குப் போகும். நம் வெயிலில் ஊறிய புல் சீக்கிரம் புளிக்கும், ஆகவே ஒருவேளைக்கு மட்டும் நனையுங்கள். படுக்கைக்கு வைக்கோல் வேண்டாம், தூசி சலித்த மரச்சீவல் போடுங்கள். இதனால் எங்கள் வைக்கோல் விற்பனை குறையும், குறையட்டும். பக்கத்துக் குதிரைக்கும் நனைத்த புல்லும் மரச்சீவலுமே போட வேண்டும், தூசிக்குத் தடுப்புச்சுவர் தெரியாது.

பூஞ்சை பிடித்த புல்கட்டை நனைத்தும் கொடுக்காதீர்கள். நடுவில் கைவிட்டுப் பாருங்கள். சூடோ முடைநாற்றமோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மாற்றுக் கட்டும் வண்டிக் கூலியும் எங்கள் பொறுப்பு. கட்டுப் பிரிக்கும் ஆட்களுக்கு முகக்கவசம் கொடுங்கள், பூஞ்சைத் தூசி மனிதர் நுரையீரலையும் கெடுக்கும்.

மரச்சீவல் வேண்டுவோர் மூட்டைக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தீவனக் கடையினர்