கையெழுத்துப் போட்ட பிறகு என்ன ஆனது என்று யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு அரசு அமைப்போடு சென்னை ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டால் எல்லாப் பத்திரிகையிலும் படத்தோடு செய்தி வருகிறது. சில வருடம் கழித்து அந்த ஒப்பந்தத்தால் இங்கே என்ன மாறியது என்று ஒரு செய்தி வந்து நான் படித்ததில்லை. பத்திரிகைகளைக் குறை சொல்லவில்லை, நிருபர் கேட்டால் எடுத்துக் கொடுக்க நம் பக்கத்தில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை இருந்தால்தானே செய்தி வரும்.

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செலவுக்கு ஒப்புதல் இருக்கிறதா, செலவுச்சீட்டு சரியா, பயணப்படி விதிப்படி வாங்கினார்களா, இதைத்தான் நாங்கள் பார்ப்போம். இல்லையென்றால் தணிக்கைத் தடை எழுதுவோம். ஆனால் வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்த பொறியாளர் இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறார், அவர் கற்றுவந்தது அந்த இருக்கையில் அடுத்து வந்தவருக்குத் தெரியுமா என்று கேட்பது எங்கள் வேலையாக இருந்ததில்லை. பயிற்சி பெற்றவர் சில மாதத்தில் மாறுதலாகிப் போவதும், அவர் வேலையைப் பக்கத்துப் பிரிவுக்காரர் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பதும் அரசு அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இப்படிப் பின்னால் போய்ப் பார்ப்பதை வெளிநாட்டார் செய்கிறார்கள். ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா, கடன் கொடுத்த பெரிய திட்டங்கள் முடிந்த பிறகு வெளி மதிப்பீட்டாளரை அனுப்பி ஏ, பி, சி, டி என்று தரம் போட்டு அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் ‘ட்வின்னிங்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. ஒரு நாட்டின் அரசு ஊழியர் இன்னொரு நாட்டில் தன் துறை சார்ந்த அலுவலகத்துக்கே போய்க் கூடவே உட்கார்ந்து வேலை பார்ப்பார். கடைசியில் என்ன கையில் இருக்க வேண்டும் என்பதைத் தொடங்கும்போதே எழுதிவிட வேண்டும், முடிந்து ஆறு மாதமாவது ஆன பிறகு ஒரு குழு போய், சொல்லிக்கொடுத்தது இன்னும் நடக்கிறதா என்று பார்க்கும். அந்தத் திட்டத்தையே அவர்களுடைய தணிக்கை அமைப்பு ஆராய்ந்து 2003-ல் தனி அறிக்கை போட்டது.

சரி, அவர்களே பார்க்கிறார்களே, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் பார்ப்பது தங்கள் பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்று. அவர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, கன்சல்டன்ட் இல்லாமல், நம் உதவிப் பொறியாளர் அந்த வேலையைத் தானே செய்வாரா என்ற கேள்வி நம்முடையது.

மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாறு, கூவம் வடிநிலத்துக்கு உலக வங்கி, கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் அரசு வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ, கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி என்று ஆளுக்கொரு பகுதிக்குக் கடன் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி விதி, தனி அறிக்கை, அவரவர் பகுதி முடிந்தால் அவரவர் மதிப்பீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை இந்த வடிநிலங்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில்தான் கொட்டியது. எந்தப் பகுதியில் தண்ணீர் சீக்கிரம் வடிந்தது, அதற்குக் காரணம் வடிகால் வடிவமைப்பா, தூர் வாரியதா, பம்பா, ஒரு பகுதியில் கற்றது அடுத்த பகுதிக்குப் போனதா என்று மொத்தமாக வைத்துப் பார்க்கக்கூடிய ஒரே இடம் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. திட்டங்களை மதிப்பிட, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார அமைப்பின் நாடுகள் வைத்திருந்த ஐந்து அளவுகோலோடு 2019-ல் ஆறாவதாகச் சேர்த்ததும் இதைத்தான்: பக்கத்தில் நடக்கிற மற்ற வேலைகளோடு இது பொருந்துகிறதா என்பது. சென்னைக்கு அந்த ஆறாவதுதான் முதலில் வேண்டும் என்பேன்.

இன்னொன்று, அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நடத்திய ‘100 ரெசிலியன்ட் சிட்டீஸ்’, வெள்ளம், வறட்சி போன்றவற்றைத் தாங்கி நிற்க நகரங்களைத் தயார் செய்வதற்கான வலையமைப்பு. 2014-ல் சென்னை தேர்வானது. 2019 ஜூனில், ஏரிகள் வறண்டு குடத்தோடு நாம் லாரிக்குக் காத்திருந்த அதே மாதத்தில், சென்னைக்கான வியூக அறிக்கை வெளியானது. அடுத்த மாதமே அந்தத் திட்டத்தை அறக்கட்டளை முடித்துக்கொண்டது. வலையமைப்பு பிறகு வேறு வடிவில் தொடர்ந்தது உண்மைதான், ஆனால் அந்த அறிக்கையில் சொன்னவற்றில் எதெல்லாம் நடந்தது என்று மாநகராட்சி வரிசையாகச் சொல்ல வேண்டாமா? நெதர்லாந்து அரசின் முயற்சியில் வந்த ‘ஆயிரம் குளங்களின் நகரம்’, அதாவது மழைநீரையும் கழிவுநீரையும் அங்கங்கே சுத்தம் செய்து நிலத்தடியில் சேர்ப்பது, நல்ல யோசனை, லிட்டில் ஃப்ளவர் பள்ளி வளாகத்தில் மாதிரியாகச் செய்தார்கள். இன்னொரு பள்ளியில் நம் ஆட்களே அதைச் செய்தால் எவ்வளவு ஆகும், யார் பராமரிப்பார்கள் என்பதற்குப் பதில் வந்தால்தான் அந்தக் கூட்டுறவை எடை போட முடியும்.

நம்மால் முடியாத காரியமும் இல்லை இது. 2021-ல் உலக வங்கி ஒப்புதல் கொடுத்த 15 கோடி டாலர் சென்னை கூட்டாண்மைத் திட்டத்தில், ஒத்துக்கொண்ட பலனைக் காட்டி, அதைச் சார்பற்ற ஓர் அமைப்பு சரிபார்த்த பிறகுதான் பணம் வரும். கடனுக்காக ஏற்றுக்கொண்ட ஒழுங்கை மற்ற ஒப்பந்தங்களுக்கும் நாமே வைத்துக்கொள்ளலாமே.

டென்வரோடு 1984-லும் சான் அன்டோனியோவோடு 2008-லும் போட்ட சகோதர நகர உறவுகளை இந்தத் தராசில் வைக்க வேண்டாம், அவை நட்புக்கானவை, அப்படியே இருக்கட்டும். அப்புறம், நம்மிடமிருந்து அவர்கள் என்ன எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது, கற்றுக்கொள்ள மட்டும் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல நாம்.

மேயருக்கும் ஆணையருக்கும் என் வேண்டுகோள் இது. ஒப்பந்தம் போடும் முன் இன்றைய நிலையை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள், பயிற்சிக்குப் போகிறவரை இரண்டு வருடமாவது அதே பிரிவில் விடுங்கள், முடிந்து ஒரு வருடம் கழித்து வந்த பலனைத் தமிழில் எழுதி மாமன்றத்தில் வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே இப்படிப்பட்ட தகவல்களை வெளியிடத்தான் சொல்கிறது. வடிகால் திட்டங்களிலிருந்து தொடங்கினால் போதும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் அறிக்கையைக் கொண்டுவரலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தணிக்கை ஊழியர்,
நங்கநல்லூர், சென்னை.