கச்சேரி கேட்கும் காதுக்கு

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. பேரனுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. நாங்கள் வராமல் போனதற்கு உன் தங்கை இன்னும் என்னைக் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறாள். முழங்கால் இப்போது தேவலை. மாடிப்படி ஏறுகிறேன், இறங்கும்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ரயிலில் அலைந்துகொண்டிருப்பவன் நம் கூட்டத்தில் நீ ஒருவன்தான். அந்த நேரத்தில் பழைய கச்சேரிகள் கேட்க 2,000 ரூபாய்க்குள் ஓர் இயர்போன் வேண்டும், எது சிறந்தது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

எல்லோருக்கும் சிறந்தது என்று ஒன்று கிடையாது. உன் மகன் கேட்கும் பாட்டும் நீ கேட்கும் பாட்டும் ஒன்றல்ல. கடைகளில் தொங்கும் மலிவு ரகங்களில் பெரும்பாலானவை அவனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று போட்டிருப்பார்கள், அடி ஒலி கூடுதல் என்று பொருள். அதில் திரைப்பாட்டு அதிரும், நெஞ்சில் இடிக்கும், அவனுக்குப் பிடிக்கும். உனக்கு அதில் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஷட்ஜம், அதாவது நடு ஸ்தாயியின் முதல் ஸ்வரம், ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ், விநாடிக்கு அத்தனை அதிர்வு. மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியும் தம்புராவின் தாழ்ந்த தந்தியான மந்தரமும் அந்த வட்டாரத்திலும் அதற்குக் கீழேயும்தான் உட்கார்ந்திருக்கின்றன. 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஊதிப் பெருக்கினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி வெறும் 'தொம்' என்று முடிந்துவிடும். அந்த இழுப்பு கேட்கவில்லையென்றால் தனி ஆவர்த்தனம் கேட்டு என்ன பயன்?

அதற்காக பேஸே இல்லாததை வாங்கிவிடாதே. அது இன்னொரு தொல்லை. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தூக்கலாக இருக்கும் இயர்போனில் வயலின் கீச்சிடும், பாடகரின் 'ஸ' ஒவ்வொன்றும் ஊசி போல இறங்கும். உன்னிடம் இருப்பவை எல்லாம் கேசட்டிலிருந்து மாற்றிய பதிவுகள் வேறு. நாடாவின் இரைச்சல் பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் உறுத்தும். ஆலாபனை நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் உனக்கு அந்த இரைச்சல்தான் கேட்கும். நாகஸ்வரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு நடுவில் 3,000 ஹெர்ட்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. நம் காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை மூடிய குழல் என்பதால் அந்த அலைவரிசையை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே பெருக்கிக் கொடுக்கிறது. நீ நேரில் உட்கார்ந்து கேட்ட கச்சேரி ஒவ்வொன்றையும் அந்தப் பெருக்கத்தோடுதான் கேட்டிருக்கிறாய். இயர்போனைச் செருகிக் குழாயின் வாயை அடைத்ததும் அது கெட்டுப்போகிறது. ஆகவே வடிவமைப்பவர் அதைத் திரும்பவும் ஒலியில் சேர்க்கவேண்டும். குறைவாகச் சேர்த்தால் பாடகர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். கூடுதலாகச் சேர்த்தால் காதருகே வந்து கத்துவார். மலிவான இயர்போன்களில் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு கணக்குதான்.

முன்பெல்லாம் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவை நம் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த ஈஆர்-4 என்ற இயர்போன் நூற்றுக்கணக்கான டாலர் விலை. பிறகு ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவும் அவருடைய குழுவினரும் பலரைக் கேட்கவைத்துச் சோதித்து, பெரும்பாலோருக்குப் பிடிக்கும் ஒலி எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு கோடு வரைந்து வெளியிட்டார்கள். சீனாவின் சிறிய நிறுவனங்கள் அந்தக் கோட்டைப் பார்த்தும், அதைத் தங்கள் ரசனைக்குத் திருத்தியும் மலிவு விலையில் செய்து குவிக்கத் தொடங்கின. நமக்கு அதிர்ஷ்டம் அடித்தது அங்கேதான்.

உன் பணத்துக்கு மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் 2,000 ரூபாய்க்கு முன்பின்னாக வருபவை. விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், பார்த்துக்கொள். 7ஹெச்இசட் சால்நோட்ஸ் ஸீரோ: பேஸ் அளவோடு இருக்கும், குரல் பளிச்சென்று முன்னால் நிற்கும். மூன்ட்ராப் சூ 2: கீழ்ப்பகுதி அதைவிடச் சற்றுக் கனம், மேல்பகுதி பளபளப்பு. புதிய பதிவுகளுக்கு அருமை, உன் கேசட் இரைச்சலுக்கு அவ்வளவு தயவு காட்டாது. டாங்சு வானர்: மூன்றிலும் இதமானது, நீளமாகக் கேட்டாலும் காது சலிக்காது. நானாக இருந்தால் உனக்கு இந்த மூன்றாவதைத்தான் வாங்குவேன். வாய்ப்பாட்டு மட்டுமே கேட்பவனாக இருந்தால் முதலாவது. ட்ரூத்இயர் ஸீரோ ரெட் என்று ஒன்றை உன் மகன் சிபாரிசு செய்யக்கூடும். நல்ல பொருள்தான். ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல், காதுக்குள் நுழையும் மூக்கும் தடிமன். உன் காது சின்னது.

கடைக்காரர் சொல்வதில் சிலவற்றைக் காதில் போட்டுக்கொள்ளாதே. 'நாலு ட்ரைவர் சார்' என்பார். உள்ளே ஒலி எழுப்பும் பகுதிதான் ட்ரைவர். நன்றாக அமைத்த ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் ட்ரைவர், ஒன்றோடொன்று இசையாத நாலைவிட மேல். 'ஹை-ரெஸ்' என்ற தங்கநிற முத்திரையைக் காட்டுவார். 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்பும் என்பது அதன் பொருள். இளம் காதுக்கே 20,000-தான் எல்லை. நம் வயதில் 12,000 கேட்டாலே பெரிய விஷயம், மீதியை வௌவால்தான் கேட்கவேண்டும். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி கனிந்துவிடும் என்பதும் ஒரு கதை. பெரும்பாலும் பழகுவது நம் காதுதான். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துபோயிருக்கும்.

எதை வாங்கினாலும் முனையில் மாட்டும் ரப்பரைச் சரியாகத் தேர்ந்தெடு. நான் இவ்வளவு எழுதியதில் பாதி அதில்தான் அடங்கியிருக்கிறது. காதுக்கும் ரப்பருக்கும் நடுவே சிறு இடுக்கு இருந்தாலும் பேஸ் முழுவதும் ஒழுகிப்போய், எந்த இயர்போனும் தகரடப்பா ஆகிவிடும். பலர் 'இதில் சத்து இல்லை' என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துக்கொண்டு செருகு, பிறகு கைமாற்றி மற்றதை. பாட்டு ஓடும்போது இலேசாக விரலால் அழுத்திப் பார். தொப்பியின் ஒலி திடீரென்று கூடினால் ரப்பர் பொருந்தவில்லை, அடுத்த அளவுக்குப் போ. இரண்டு காதுக்கும் இரண்டு அளவு வேண்டியிருந்தால் வியப்படையாதே, பலருக்கும் அப்படித்தான். ரப்பர் உறுத்தினால் ஃபோம் முனை கிடைக்கிறது. அது மேல்பகுதியைச் சற்று மட்டுப்படுத்தும், உன் பதிவுகளுக்கு அதுவும் நல்லதே. ஆனால் வியர்வையில் சீக்கிரம் வீணாகிவிடும்.

நன்றாக அடைத்துக்கொண்டால் ரயிலின் கடகடப்பில் மேல் ஒலிகள் நன்கு குறையும், அடியில் ஓடும் உறுமல் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அதையும் போக்கவேண்டும் என்றால் மின்னணு முறையில் இரைச்சலை அழிக்கும் ப்ளூடூத் ரகம் வேண்டும். 2,000 ரூபாயில் வரும் அந்த ரகங்களை நான் கேட்டவரையில் இரைச்சலோடு குரலின் உயிரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகின்றன. அவற்றின் பொட்டுப் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், மாற்றவும் வழியில்லை. நான் சொன்ன மூன்றுக்கும் கம்பியைத் தனியாகக் கழற்றலாம். இற்றுப்போனால் கம்பியை மட்டும் வாங்கினால் போதும். தொலைபேசியில் பேசவும் வேண்டும் என்றால் மைக் உள்ளதா என்று கேட்டு வாங்கு, மைக் இல்லாமலும் விற்கிறார்கள்.

அடைப்பதில் இன்னொரு ஆதாயம், ஒலியைக் கூட்டவேண்டியிருக்காது. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 ஆனால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். ரயில் சத்தத்தை வெல்ல வேண்டும் என்று நீ பொத்தானை அழுத்திக்கொண்டே போவாய், உன்னை எனக்குத் தெரியும். காலை நடைக்கு மட்டும் இதை மாட்டிக்கொண்டு போகாதே. பின்னால் வரும் பஸ் கேட்காது. தவிர, காதை அடைத்தபடி நடந்தால் சொந்தக் காலடியே மண்டைக்குள் இடிக்கும்.

உன் புதுத் தொலைபேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை என்று எழுதியிருந்தாய். சார்ஜ் துளையில் செருகி இயர்போனை இணைக்கும் சிறு மாற்றி, டைப்-சி டாங்கிள் என்பார்கள், ஒன்று தேவை. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான மாற்றி எல்லாத் தொலைபேசியிலும் வேலை செய்யாது. உள்ளே டிஜிட்டலை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் டிஏசி சிப் இருப்பதாகப் பார்த்து வாங்கு. ஆப்பிளின் டாங்கிள் நல்ல ஒலிதான், ஆனால் ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் பலவற்றில் ஒலியளவு குறைவாக வரும். ஆகவே உனக்கு வேண்டாம்.

சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் ரிச்சி தெருவில் காதில் மாட்டிப் பார்க்க முடிகிறதா என்று கேள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் வசதியோடு இணையத்தில் வாங்கு. வந்ததும் பெட்டியை உன் மனைவி குப்பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள், ரப்பர் முனைகளெல்லாம் அதன் அடித்தட்டில்தான் இருக்கும். முதலில் உனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கச்சேரியைப் போட்டுக் கேள். தம்புரா தனியாகக் கேட்கிறதா, கும்கி இழுக்கிறதா என்று எழுது. இல்லையென்றால் எந்த ரப்பர் போட்டாய் என்பதையும் சேர்த்து எழுது.

உன் பழைய அறைத்தோழன்