சிதறல் வரைபடத் தாயத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தேயிலைத் தோட்டங்களின் மழைவீழ்ச்சி, கொழுந்து நிறை போன்ற ஏழு மாறிகளைச் சோடி சோடியாகக் கட்டங்களில் ஒப்பிடும் நமது சிதறல் வரைபடத் தாயம் (scatterplot matrix) நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன நெருக்கடி என்பது உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பவும் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பண்டாரவளைத் தம்பிக்கு. கேட்காமலே அவர் அனுப்பியது ஒரேயொரு கோட் வரி. அது ஏன் வேண்டும் என்ற விளக்கமும் கீழேயே இருந்தது. புள்ளிவிபரக் கணிப்புக்கான ஆர் (R) மொழியில் இந்தத் தாயத்தை வரையும் 'பெயார்ஸ்' (pairs) பங்ஷனில், மூலைவிட்டத்துக்கு மேலேயுள்ள கட்டங்களில் இணைபுக் குணகத்தை (இரு மாறிகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) எழுதச் சொன்னால் கட்டங்கள் வெறுமையாகவே வந்தன. பிழைச் செய்தியும் இல்லை. ஒவ்வொரு கட்டத்தின் ஆள்கூறும் அந்தந்தத் தரவின் அளவிலேயே இருக்கும் என்பதுதான் காரணம். மழைவீழ்ச்சி நூற்றுக்கணக்கான மில்லிமீற்றரில் ஓடும் கட்டத்தில் 0.5, 0.5 என்ற இடத்தில் எழுதச் சொன்னால், எண் கட்டத்துக்கு வெளியே விழுந்து வெட்டுப்பட்டுப் போகும். எழுதுவதற்கு முன் 'பார்' (par) பங்ஷனில் யுஎஸ்ஆர் (usr) என்ற கட்டத்தின் ஆள்கூற்று எல்லையை 0, 1, 0, 1 என்று மாற்றிவிட்டால், 0.5, 0.5 எந்தக் கட்டத்திலும் நடுப்புள்ளிதான். லொக் (மடக்கை) அச்சு போட்டிருந்தால் எக்ஸ்லொக் (xlog), வைலொக் (ylog) இரண்டையும் முதலில் ஃபால்ஸ் (FALSE) ஆக்க வேண்டும். இல்லையென்றால் அந்த 0, 1 எல்லை 1 முதல் 10 வரை என்று பொருள்பட்டு, எண் மறுபடியும் காணாமற் போகும்.

அதே விளக்கத்தில் இன்னும் இரண்டு விஷயங்களையும் சேர்த்திருந்தார். கட்டத்தில் எண்ணை எழுத நாம் உருவாக்கும் பங்ஷனின் உள்ளீட்டு வரிசையின் கடைசியில் மூன்று புள்ளி (...) வைக்காவிட்டால், 'பெயார்ஸ்' நிறத்தையும் புள்ளிவடிவத்தையும் அந்தப் பங்ஷனுக்கும் அனுப்பும்போது பயன்படாத உள்ளீடு என்று ஆர் நின்றுவிடும். ஒரு மாதத்துப் பதிவு விடுபட்டிருந்தாலும் குணகம் என்ஏ (NA, பெறுமானம் இல்லை) என்றே வரும், முழுமையான சோடிகளை மட்டும் எடு என்று சொல்லித்தான் ஆகவேண்டும். கோட் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அது எந்த இடத்தில் உடையும் என்பதையும் சேர்த்துக் கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி!

தலவாக்கலை அக்காவின் கேள்வியும் மறக்க முடியாதது. அட்டன் பக்கத்துத் தோட்டங்களையும் ஊவாப் பக்கத்துத் தோட்டங்களையும் ஏன் ஒரே நிறத்தில் போடுகிறீர்கள் என்று கேட்டார். தென்மேல் பருவக்காற்று அட்டனை நனைக்கும் மாதங்களில் ஊவாவில் வறண்ட காற்று வீசும். இரண்டையும் கலந்தால் மழைக்கும் கொழுந்தின் நிறைக்கும் (எடைக்கும்) உள்ள தொடர்பு குழம்பிவிடும். ஆனால் நிறம் புள்ளிகளைத்தான் பிரிக்கும், மேலேயுள்ள கட்டத்தில் வரும் குணகம் இரு பக்கத்தையும் சேர்த்தே கணக்கிடும். அதனால் குணகத்தையும் பிரதேசவாரியாக இரண்டு வரியில் எழுதினோம்.

மூலைவிட்டக் கட்டங்களில் ஒவ்வொரு மாறியின் பரவலை வரைய 'ஹிஸ்ற்' (hist) பங்ஷனை நேரடியாக அழைத்தால் புதிய வரைபடம் திறந்து எல்லாம் நின்றுவிடும், எண்ணிக்கையை மட்டும் எடுத்து செவ்வகம் வரையும் 'ரெக்ற்' (rect) கொண்டு வரையுங்கள் என்ற பதுளை சேர், தமிழ்ப் பெயர்கள் வெறும் புள்ளிகளாக வந்தபோது தமிழ் எழுத்தைச் சரியாகப் பதியும் 'கைரோ பிடிஎஃப்' (cairo_pdf) பக்கம் திருப்பிவிட்ட நண்பர், ஏழு மாறிக்கு 49 கட்டம் என்பதால் கட்டங்களுக்கு இடையிலான இடைவெளியை 1இலிருந்து 0.3 ஆக்கச் சொன்ன தங்கை, இரவில் அச்சுப் பிரதி பார்த்துத் தந்த நுவரெலியாப் பிள்ளைகள், உங்கள் எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

இனி யாருக்குக் கோட் அனுப்பினாலும், ஒவ்வொரு வரிக்குக் கீழும் அது ஏன், எங்கே உடையும் என்று தமிழில் எழுதியே அனுப்புவோம். இந்தத் தாயத்தின் முழுக் கோப்பையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். மலையகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கும் எந்தப் பிள்ளை கேட்டாலும் தருவோம்.

நன்றியுடன்,
அட்டனிலிருந்து